தடம்

பெரியாற்று ஏரியைப் படகிலிருந்து கண்டு திரும்புவோர் பலர். அதன் கரையில் ஓரிரவேனும் தங்கினாலன்றி அதனைக் கண்டதாகக் கொள்ளலாகாது என்பது எங்கள் எண்ணம். 1895இல் கட்டி முடிக்கப்பெற்ற அணை ஒரு காட்டையே நீருள் ஆழ்த்தியது. அன்று மூழ்கிய மரங்களின் பட்ட தண்டுகள் இன்றும் நீருக்குமேல் நிற்கின்றன. அவற்றின்மீது நீர்க்காகங்கள் சிறகு விரித்து வெயில் காய்கின்றன. அந்நீரே மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியாக இறங்கி வந்து, கம்பம் பள்ளத்தாக்கில் எங்கள் வயல்களை விளைவிக்கின்றது. உண்ணும் சோற்றின் ஊற்றைக் காணச் சென்றோம் என்றும் சொல்லலாம்.

எங்கள் ஐவருக்கும் வழிகாட்டியாக வந்தவர், முன்னாளில் இதே காட்டில் இலவங்கப்பட்டை உரித்தும் களவாக வேட்டையாடியும் பிழைத்தவர். 1990களின் இறுதியில் வனத்துறை அத்தகையோர் சிலரைக் காவலராகவும் வழிகாட்டிகளாகவும் ஆக்கியது. ஒளிந்து திரியக் கற்றவருக்கே ஒளிந்திருப்பவற்றைக் காட்டவும் தெரிகின்றது. நீர்நாய்கள் மீனைக் கடித்துத் தின்ற ஓசையை எங்களுக்கு முன்னரே அவர் கேட்டார்.

அந்தி மயங்குகையில் எதிர்க்கரைப் புல்வெளியில் யானைக் கூட்டமொன்று இறங்கிற்று. குட்டி நீரருந்தி முடிக்கும்வரை பிடிகள் அதனைச் சூழ்ந்து நின்றன. நாங்கள் மூச்சடக்கி நோக்கினோம். அவரோ எங்களுக்குப் பின்னாலிருந்த காட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நள்ளிரவில் அதன் காரணம் விளங்கிற்று. கூடாரங்களைச் சுற்றி வெட்டிய அகழிக்கு அப்பால் கிளை முறியும் ஓசை எழுந்தது. பின்னர் வயிற்றுள் உருளும் இடிபோன்ற முழக்கம். தனித்த கொம்பன்! விளக்கை ஏற்ற நீண்ட கையை அவர் மெல்லப் பற்றிக்கொண்டார். “அது நம்மைப் பார்த்துவிட்டது ஐயா. நாம் அதைப் பார்க்க வேண்டியதில்லை” என்றார், காதோடு. அரைமணி நேரம் கழிந்தபின் ஓசை நீரை நோக்கி நகர்ந்தது. உறக்கம் எவருக்கும் வரவில்லை. அவர் தாமாகவே பேசினார்: இதே துறையில், இதே நிலவொளியில், கையில் துப்பாக்கியோடு காத்திருந்த இரவுகளைப் பற்றி. எண்ணிக்கையை நாங்கள் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

விடிந்ததும் ஈரமண்ணில் பதிந்த முன்னங்கால் தடத்தைக் கயிற்றால் சுற்றி அளந்தார். நாலரை அடி. “இதைப்போல் இருமடங்கு, தோள்வரை உயரம். ஒன்பது அடி” என்றார். நாங்கள் வியந்து நிற்கையிலேயே, கரையிலிருந்து காட்டுக்குள் சென்ற தடங்களை ஒவ்வொன்றாகக் காலால் கலைக்கலானார்.

“ஏன் அழிக்கின்றீர்கள்?” என்று கேட்டோம்.

“தடம் பார்க்கத் தெரிந்தவன் நான் ஒருவன் மட்டுமில்லையே, ஐயா” என்றார், நிமிராமலே.