இரண்டாவது கியரில் ஏறிய மலை

கோமுகி அணையைத் தாண்டி கல்வராயன் மலைப்பாதையின் முதல் வளைவு கண்ணில் பட்டதுமே அப்பா இரண்டாவது கியருக்கு இறங்கிவிடுவார். வண்டி திணறட்டும், அப்புறம் மாற்றிக்கொள்ளலாம் என்று அவர் காத்திருந்து நான் பார்த்ததில்லை. அங்கிருந்து கரியாலூர் வரைக்கும் இன்ஜின் ஒரே சுருதியில் போகும். அப்பாவுக்கும் கிளீனர் அண்ணனுக்கும் நடுவில், கியர் கம்பியில் முட்டி இடிக்காதபடி காலை ஒருபக்கமாக ஒடுக்கி உட்கார்ந்திருப்பேன். பாதத்துக்குக் கீழே தகரம் சுடும். டீசல் வாசனையும், ஈரச்சாக்கு வாசனையும், முந்தின நாள் ஏற்றிய மரவள்ளிக்கிழங்கின் மண் வாசனையும் கலந்து வரும். எண்பதுகளின் கடைசி அது. கள்ளக்குறிச்சி அப்போது தென்னாற்காடு மாவட்டத்தில் இருந்தது, கலெக்டரைப் பார்க்கக் கடலூருக்குப் போகவேண்டும். விழுப்புரம் தனி மாவட்டமானது 1993இல். எங்கள் ஊர் மாவட்டத் தலைநகரானது 2019இல்தான்.

எங்கள் வண்டி மகேந்திரா. முன்பக்கம் ஜீப்பு முகம், பின்பக்கம் திறந்த தொட்டி, பக்கவாட்டில் மரப்பலகை. அப்பா இரண்டாம் கையாக வாங்கியது. உள்ளே இருந்தது பேஜோ டீசல் இன்ஜின்: நாலு சிலிண்டர், 2112 சிசி. பிரான்ஸ் கம்பெனியின் வடிவமைப்பை மகேந்திரா உரிமம் பெற்று மகாராஷ்டிரத்தின் இகத்புரியில் தயாரித்தது. இதே அளவு இன்ஜின் பேஜோ 504 காரின் டீசல் மாடலிலும் இருந்தது. ஆப்பிரிக்காவின் செம்மண் பாதைகளில் தலைமுறை கடந்து ஓடிப் பெயர் வாங்கிய கார் அது. பின்னாளில் இதைத் தெரிந்துகொண்டபோது எனக்கு வியப்பே வரவில்லை. கல்வராயன் மலையில் ஓடியது எங்கும் ஓடும்.

அந்த இன்ஜின் ஏன் அவ்வளவு நாள் உழைத்தது என்று இப்போது யோசித்தால் காரணம் எளிமையானது. அந்தப் பருமனுக்கு அது கொடுத்தது அறுபது சொச்சம் குதிரைத்திறன்தான். டர்போ கிடையாது. கம்ப்யூட்டர் கிடையாது. கனமான வார்ப்பிரும்பு உடம்பு. ஒருமுறை ஸ்டார்ட் ஆகிவிட்டால் பேட்டரியைக் கழற்றி வைத்தாலும் ஓடும், நிறுத்துவதற்கு ஒரு கம்பியை இழுத்து டீசலை அடைக்கவேண்டும். ஆனால் இதே வண்டியை வாங்கி மூன்று வருஷத்தில் இரும்புக்கடைக்கு அனுப்பியவர்களும் எங்கள் தெருவிலேயே இருந்தார்கள். ஆகவே கம்பெனி பாதி, வைத்திருந்தவர் பாதி என்றுதான் நான் கணக்குப் போடுகிறேன்.

அப்பா விடியுமுன்னே பானட்டைத் தூக்குவார். ஆயில் கம்பியை உருவித் துணியில் துடைத்து, மறுபடி விட்டெடுத்து அளவு பார்ப்பார். அதோடு விடமாட்டார். நுனியில் ஒட்டியிருக்கும் ஆயிலைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டிவிரலுக்கும் நடுவே வைத்துத் தேய்ப்பார், மூக்கருகே கொண்டுபோவார். கறுத்திருந்தால் கவலைப்படமாட்டார், டீசல் இன்ஜினில் ஊற்றிய கொஞ்ச நாளிலேயே ஆயில் கறுத்துவிடும். நரநரவென்று இருந்தாலோ, பிசுக்கே இல்லாமல் ஓடினாலோ, டீசல் வாடை அடித்தாலோ அன்றைக்கே மாற்றிவிடுவார். ரேடியேட்டருக்கு ஊர் போர்த்தண்ணீரைக் காட்டவே விடமாட்டார். எங்கள் வீட்டு வெந்நீர் அண்டாவின் உள்பக்கம் வெள்ளையாகப் பொருக்குக் கட்டியிருக்கும். அதே உப்பு ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களுக்குள் படிந்தால் இன்ஜின் எப்படிக் குளிரும்? மலையில் ஓடைத் தண்ணீரைத் துணியில் வடிகட்டிக் கேனில் பிடித்துவந்து வீட்டில் வைத்திருப்பார். அம்மா அதைத் தொட்டால் மட்டும் கோபம் வரும்.

ஏர் பில்டர் ஆயில் பாத் வகை. அடியில் ஒரு கிண்ணத்தில் ஆயில் நிற்கும், உள்ளே போகும் காற்றின் தூசி அதில் மாட்டிக்கொள்ளும். கோடையில் மலை மண்பாதைகளில் ஓடிவந்தால் அந்தக் கிண்ணத்தின் அடியில் செம்மண் சேறாகத் திரண்டிருக்கும். டீசலில் கழுவி, புது ஆயில் ஊற்றுவது என் வேலை. அந்தச் சேற்றைக் காட்டி அப்பா ஒருநாள் சொன்னார்: "இத்தினி மண்ணும் உள்ள போயிருந்தா ரிங்கு என்னாத்துக்கு ஆவும்? நெனச்சிப் பாரு."

மலைக்கு ஏறும்போது அரிசி, உப்பு, உரமூட்டை, கூரைத் தகரம் போகும். இறங்கும்போது புளி, பலாப்பழம், சாமை, தோல் பதனிடுகிறவர்கள் வாங்கும் கடுக்காய். எல்லாவற்றுக்கும் மேல் மரவள்ளி. இந்தக் கிழங்குக்கு ஒரு குணம். மண்ணுக்குள் இருக்கும்வரை பொறுமையாக இருக்கும், பிடுங்கிய இரண்டு மூன்று நாளில் உள்ளே கருநீல நரம்பு ஓட ஆரம்பித்துவிடும். சின்னசேலம், ஆத்தூர் பக்கத்துச் சேகோ ஆலைகளில் மாவுச்சத்தைப் பாயிண்ட் கணக்கில் பார்த்துத்தான் விலை போடுவார்கள். வண்டி ஒருநாள் வழியில் படுத்தால் பாயிண்ட் இறங்கும், இன்னொரு நாள் படுத்தால் ஆலைக்காரர் முகத்தைத் திருப்பிக்கொள்வார். பத்து மாதம் காட்டில் நின்று வளர்த்தவருக்கு அதோடு அந்த வருஷம் போயிற்று. மலையாளிப் பழங்குடி மக்கள் அவர்கள். மூன்று ஜாகிர்தார்களின் கையில் இருந்த அந்த மலை அரசாங்கத்தின் கைக்கு முழுதாக வந்ததே 1976இல்தான். அதற்கு முன்னால் கூலியில்லாமல் ஜாகிர் நிலத்தில் உழைத்த கிழவர்கள் எங்கள் வண்டியில் ஏறி வந்திருக்கிறார்கள். தன் காட்டில் விளைந்ததைத் தானே விற்கப் போகிறவரின் மூட்டைமேல் அப்பாவுக்கு ஒரு மரியாதை இருந்தது. வண்டி நின்றுவிடக்கூடாது என்ற அவருடைய பதற்றத்துக்கு அதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

ஒரு மார்கழி ராத்திரி நின்றது. வெள்ளிமலைக்கு அப்பால் ஒரு சிற்றூர், வலி கண்ட பெண்ணைக் கம்பில் தூளி கட்டிப் பாதைவரைக்கும் தூக்கி வந்திருந்தார்கள். தொட்டியில் வைக்கோல் பரப்பி, சாக்கு விரித்து, அவளையும் மாமியாரையும் ஏற்றிக்கொண்டு கிளம்பிய கொஞ்ச தூரத்தில் இன்ஜின் இரண்டு தடவை குலுங்கி அணைந்தது. அப்பா டார்ச்சை என்னிடம் கொடுத்தார். "தம்பி, ஆட்டாம புடி" என்றார். டீசல் பில்டரின் மேல் இருந்த சின்னத் திருகைத் தளர்த்தி, கைப்பம்பை அமுக்க அமுக்க, டீசல் நுரைநுரையாக வந்தது. லைனில் காற்று புகுந்திருந்தது. எவ்வளவு அமுக்கியும் நுரை நிற்கவில்லை. விரலால் ஒவ்வொரு இணைப்பாகத் தடவிக்கொண்டே போனவர் ஓரிடத்தில் நின்றார். குழாய் வந்து சேரும் போல்ட்டின் தாமிர வாசர் நசுங்கி இறுகிப்போய், மேற்கொண்டு படிய மறுத்திருந்தது. மாற்று வாசர் கைவசம் இல்லை.

தூக்கி வந்தவர்கள் குளிருக்குப் பாதையோரம் நெருப்புப் போட்டிருந்தார்கள். அப்பா அந்த வாசரை ஒரு கம்பியில் கோத்துத் தணலுக்குள் வைத்தார். அது பழுக்கும்வரை யாரும் பேசவில்லை, தொட்டியில் அந்தப் பெண்ணின் முனகல் மட்டும். சிவந்ததும் எடுத்துத் தண்ணீரில் போட்டார். பழுக்கக் காய்ச்சினால் இறுகிய தாமிரம் மறுபடி இளகிவிடும், திருகினால் பள்ளம் மேட்டுக்குப் படிந்து அடைத்துக்கொள்ளும். அதை மாட்டி, கைப்பம்பை அமுக்கினார். நுரை குறைந்தது, நின்றது, தெளிந்த டீசல் வந்தது. ஹீட்டரைப் போட்டுக் கொஞ்சம் பொறுத்துச் சாவியைத் திருப்பினார். "புடிச்சிக்கிச்சி, ஏறுங்க" என்றார். விடியும்போது கள்ளக்குறிச்சி அரசு ஆஸ்பத்திரியில் அந்தப் பெண்ணுக்கு ஆண்குழந்தை பிறந்தது.

நீடித்து உழைப்பது என்றால் பழுதே ஆகாமல் ஓடுவது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி ஒரு இன்ஜின் உலகத்தில் இல்லை. நின்ற இடத்தில், கையில் இருக்கும் சாமானை வைத்து, அந்த ஊர் ஆளே எழுப்பிவிடக்கூடியதுதான் மலைக்கு ஏற்ற இன்ஜின் என்பது அந்த ராத்திரி எனக்குள் ஊன்றிப்போன எண்ணம். இன்றுவரை அதை மாற்றிக்கொள்ளக் காரணம் வரவில்லை. சரக்கு வண்டித் தொட்டியில் பிள்ளைத்தாய்ச்சியை ஏற்றும் நிலைமை இருந்திருக்கக் கூடாது என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். பஸ் வராத ஊரில் அது மட்டுமே இருந்தது.

வண்டியின் உடம்பைப் புகையில் படிக்கலாம். பின்னால் கறுப்பாகத் தள்ளினால் பாரம் மிஞ்சிவிட்டது, இல்லை காற்று போதவில்லை, இல்லை நாசில் ஒழுகுகிறது. நீலமாக வந்தால் ஆயில் எரிகிறது. வெள்ளையாக வந்து இன்ஜின் சூடான பிறகும் நிற்காவிட்டால் தண்ணீர் உள்ளே போகிறது என்று சந்தேகப்படவேண்டும். பத்து வயதிலேயே எதிரில் வரும் லாரியின் புகையைப் பார்த்து அதற்கு என்ன நோய் என்று சொல்லிவிடுவேன். அப்பா சிரித்துக்கொண்டே தலையாட்டுவார்.

பாரத்தில்தான் அவருக்கும் வியாபாரிகளுக்கும் ஓயாத வழக்கு. "இன்னும் ரெண்டு மூட்ட போடுண்ணே, எறக்கந்தான, தானா உருளும்" என்பார்கள். இறக்கத்தில்தான் ஆபத்து அதிகம் என்பது அவர்களுக்குப் புரியாது. டீசலை மிச்சம்பிடிக்க நியூட்ரலில் உருட்டி வந்தவர்கள் பிரேக் டிரம் சூடேறிப் பிடிக்காமல் வளைவைத் தவறவிட்ட கதைகள் அந்தப் பாதையில் நிறைய. ஏறிய கியரிலேயே இறங்கவேண்டும், இன்ஜினே வண்டியை இழுத்துப் பிடிக்கவேண்டும், பிரேக்கைத் தொட்டுத்தொட்டு விடவேண்டும். ஏற்றத்தில் ரேடியேட்டர் கொதித்தால் உடனே மூடியைத் திறக்கக்கூடாது, இன்ஜினை அணைத்துவிட்டுப் பச்சைத் தண்ணீரை ஊற்றவும் கூடாது. ஓரங்கட்டி, சக்கரத்துக்குக் கல் கொடுத்து, இன்ஜினை மெதுவாக ஓடவிட்டுக் காத்திருந்து, சூடு தணிந்த பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றவேண்டும். அவசரப்பட்டு ஊற்றி ஹெட்டில் விரிசல் விட்ட வண்டிகளைக் கச்சிராயபாளையம் ரோட்டுப் பட்டறையில் பார்த்திருக்கிறேன்.

அந்தப் பட்டறைக்கு எங்கள் வண்டியும் ஒரு கோடை விடுமுறையில் போனது. நீலப்புகை கண்டுவிட்டது, ஆயில் மூடியைத் திறந்தால் உள்ளிருந்து ஆவி குபுகுபுவென்று வந்தது. "ரிங்கு போயிருச்சிண்ணே, பிரிச்சிருவோம்" என்றார் மெக்கானிக் பாய். ஹெட்டை இறக்கியதும் என் விரலைப் பிடித்து லைனரின் மேல்விளிம்பில் வைத்தார். நகத்தில் ஒரு படி தட்டியது. பிஸ்டன் ரிங் ஓடித் தேய்ந்த இடத்துக்கும் ஓடாத இடத்துக்கும் உள்ள வித்தியாசம் அது. வருஷக்கணக்கான மலையேற்றம் ஒரு நகத்தின் கனத்துக்கு அந்த இரும்பைத் தின்றிருந்தது. எனக்கு அதைத் திரும்பத் திரும்பத் தொட்டுப் பார்க்கவேண்டும்போல் இருந்தது.

கழற்றியதை எல்லாம் சாக்கில் வரிசை மாறாமல் அடுக்கினார் பாய். புஷ்ராடுகளை ஓர் அட்டையில் ஓட்டைபோட்டு ஒன்று, இரண்டு என்று குத்தி வைத்தார், எந்த இடத்தில் தேய்ந்ததோ அதே இடத்துக்குத்தான் அது திரும்பப் போகவேண்டும். வால்வு கிரைண்டிங் எனக்குக் கிடைத்தது. வால்வின் உட்காரும் விளிம்பில் பேஸ்ட் தடவி, ரப்பர் பிடித்த குச்சியை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் மத்தாக உருட்ட வேண்டும். கரகரப்பு அடங்கி வழவழப்பு வந்து, சாம்பல் நிறத்தில் ஒரே சீரான வளையம் தெரியும்வரை. பிறகு துடைத்துவிட்டு மண்ணெண்ணெய் ஊற்றிப் பார்ப்பார். ஒரு சொட்டுக் கசிந்தாலும் "இன்னொரு தபா, தம்பி" என்பார். டீசல் பம்பைப் பெஞ்சில் வைத்து அளவு சரிபார்க்கச் சேலம் அனுப்பினார்கள். லைனர், பிஸ்டன், ரிங் எல்லாம் புதிது. பூட்டிய பிறகு கொஞ்ச காலம் அப்பா பாதி பாரம்தான் ஏற்றினார், வேகமும் எடுக்கவில்லை. புது ரிங் லைனரோடு பழகவேண்டும் என்றார். வருமானம் குறைந்ததற்கு அம்மா முனகினாள். அதன் பிறகு அந்த இன்ஜினை யாரும் பிரிக்கவே இல்லை.

கடைசியில் எஃப்.சி. எடுக்க முடியாத அளவுக்கு உடம்பு துருப்பிடித்தபோது தகரம் இரும்புக்கடைக்குப் போனது. இன்ஜினை மட்டும் சங்கராபுரம் பக்கம் வெல்லம் காய்ச்சும் ஒருவர் வாங்கிப்போய்க் கரும்பு பிழிய வைத்துக்கொண்டார். அங்கேயும் பல வருஷம் ஓடியது.

இன்று மலையில் பொலேரோ பிக்கப்பும் குட்டியானையும்தான். டர்போவின் தயவில் முன்பு மூச்சுவாங்கிய ஏற்றத்தைப் பிக்கப் எளிதாகக் கடக்கிறது. பவர் ஸ்டீயரிங் இருக்கிறது, பிரேக் நன்றாகப் பிடிக்கிறது. 2020 ஏப்ரலில் வந்த பிஎஸ்-6 விதிகளால் கரும்புகையும் அடங்கியது. அது நல்லது, அந்தப் புகையைச் சுவாசித்து வளர்ந்தவன் என்பதால் மனமாரச் சொல்கிறேன். ஆனால் ஒரு சென்சார் கெட்டால் விளக்கு எரிகிறது, இன்ஜின் தன் சக்தியைக் குறைத்துக்கொள்கிறது, தணலில் காய்ச்சிச் சரிசெய்ய அதில் ஒன்றுமில்லை. பழுது பார்க்கும் கருவியும் அதைப் படிக்கத் தெரிந்த ஆளும் மலைமேலேயே இருக்கவேண்டும். வெள்ளிமலைப் பிள்ளைகள் சிலருக்கு அந்த வேலையை முறையாகக் கற்றுக்கொடுத்தால் போதும், கிழங்கு வழியில் கிடந்து அழுகாது. வண்டி விற்கிறவர்களும் அரசும் இதைச் செய்யவேண்டும்.

பிக்கப் வைத்திருக்கும் தம்பிகளுக்கு: ஆயிலைச் சொன்ன தூரத்துக்கு முன்னாலேயே மாற்றுங்கள், மலை ஓட்டத்துக்குப் புத்தகக் கணக்கு போதாது. ரேடியேட்டருக்குக் கூலன்ட் ஊற்றுங்கள், போர்த்தண்ணீர் வேண்டாம். ஏற்றம் முடிந்து நிறுத்தும்போது ஒரு நிமிஷம் சும்மா ஓடவிட்டு அணையுங்கள், டர்போ பிழைக்கும். இறக்கத்தில் நியூட்ரலுக்குப் போகாதீர்கள்.