குளிசைகளின் கணக்கு

என் மனைவிக்கு நாரி நோ தொடங்கி 11 ஆண்டுகள் ஆகின்றன. முள்ளந்தண்டின் கீழ்ப்பகுதியில் தட்டு விலகி நரம்பை அழுத்துவதாக வைத்தியர்கள் கூறினார்கள். பின்னர் முழங்கால்களும் சேர்ந்துகொண்டன. கடந்த ஆண்டு அவர் நாளொன்றுக்கு 14 குளிசைகள் விழுங்கிக்கொண்டிருந்தார்.

நாரிக்கு ஒரு நிபுணர், மூட்டுக்கு ஒருவர், இரத்த அழுத்தத்திற்கு இன்னொருவர். ஒவ்வொருவரும் தத்தமது பகுதியைக் கவனித்தார்கள். முழு மனுஷியைக் கவனிக்கத்தான் எவருக்கும் நேரம் இருக்கவில்லை.

ஒருநாள் பெட்டிகள் எல்லாவற்றையும் மேசையில் பரப்பி, பத்திரிகை அலுவலகத்தில் அச்சுப்படி திருத்திய பழக்கத்தில், சிறிய எழுத்துகளை வாசித்தேன். இரு வேறு வர்த்தகப் பெயர்கள். உள்ளே இருந்ததோ ஒரே டைக்ளோபினாக். வீக்கத்தையும் வலியையும் தணிக்கும் இம்மருந்து நெடுநாள் எடுத்தால் வயிற்றில் புண்ணை உண்டாக்கலாம், இரத்த அழுத்தத்தை உயர்த்தலாம், சிறுநீரகத்தையும் தாக்கலாம். ஆகவே வயிற்றைக் காக்க ஒமிப்பிரசோல், அழுத்தத்தைக் குறைக்க வேறொன்று என ஒரு குளிசையின் பின்னால் மற்றொரு குளிசை வந்து நின்றது.

நரம்பு வலிக்கு பிரேகபாலின், கடும் வலிக்கு டிராமடோல். இவ்விரண்டும் மயக்கம் தருபவை. பிரேகபாலின் வகை மருந்துகளை அபின் சார்ந்த வலிநிவாரணிகளுடன் சேர்த்து எடுப்போருக்கும் முதியோருக்கும் மூச்சுத் தளரக்கூடும் என்று அமெரிக்க உணவு, மருந்து நிருவாகம் 2019 டிசெம்பரில் எச்சரித்தது. அதனை வாசித்த பின்னர் பல இரவுகள் அவருடைய மூச்சைக் கேட்டவாறே விழித்திருந்தேன்.

மருந்துகளை அவற்றின் பொதுப்பெயரால் எழுத வேண்டும் என்று வலியுறுத்தியவர் நமது நாட்டின் பேராசிரியர் சேனக பிபிலே. 1971இல் அரச மருந்துக் கூட்டுத்தாபனம் உருவாகக் காரணமானவரும் அவரே. மக்களின் பணத்தை மிச்சப்படுத்தும் கொள்கை என்றே அதனை இதுவரை எண்ணியிருந்தேன். உயிரையும் அது காக்கும் என்பது அந்த மேசையருகில்தான் புரிந்தது.

என் கவலையை மனைவியிடம் கூறியபோது அவர் சொன்னார்: "குளிசையை எண்ணுறது நீங்கள். நோவைத் தாங்கிறது நான்."

அதற்கு என்னிடம் மறுமொழி இல்லை. நாட்பட்ட வலி வெளியே தெரிவதில்லை. அதனைத் தாங்குபவரிடமிருந்து மருந்தைப் பறிக்கும் உரிமை கணவனுக்கும் இல்லை. மேலும், டிராமடோலையும் பிரேகபாலினையும் திடீரென நிறுத்துவதே ஆபத்தானது. வைத்தியரின் கண்காணிப்பில் படிப்படியாகவே குறைக்க வேண்டும்.

எல்லாக் குளிசைகளின் பொதுப்பெயரையும் அளவையும் ஒரே தாளில் எழுதி, எமது குடும்ப வைத்தியரிடம் இருவருமாகச் சென்றோம். இரட்டிப்பாக இருந்த டைக்ளோபினாக் உடனே நின்றது. இரவு மருந்தின் அளவு மெல்லக் குறைகிறது. சிறுநீரகத்திற்கு இரத்தப் பரிசோதனை செய்தோம். இயன்மருத்துவப் பயிற்சியும் நடைபெறுகிறது. இன்று குளிசைகள் 9. வலி போய்விடவில்லை, ஆனால் பகலில் விழித்திருந்து என்னோடு கதைக்கிறார்.

உங்கள் வீட்டிலும் இப்படியொரு மருந்துப் பெட்டி இருக்குமானால், அத்தகைய ஒரு தாளை எழுதி வைத்தியரிடம் காட்டுங்கள். நோயாளியையும் கூடவே அழைத்துச் செல்லுங்கள்.