பத்து பகாட் சந்தையில் ஒரு தட்டுக் கிழங்கு

ஜொகூரின் மேற்குக் கரையில், மலாக்கா நீரிணையை ஒட்டிய ஊர் பத்து பகாட். சுற்றுக் கம்பங்களில் ஜாவாவிலிருந்து வந்து குடியேறியவர்களின் சந்ததியினர் அதிகம். அவர்களுடைய கைப்பக்குவத்தை ருசிக்க விரும்புகிறவர்கள் பெரிய ஓட்டல்களைத் தேட வேண்டாம். சந்தைப் பக்கம் போனால் போதும்.

சென்ற பள்ளி விடுமுறையில் யோங் பெங் வழியாகப் பஸ்ஸில் அங்கே போயிருந்தேன். காய்கறிக் கடைகளைத் தாண்டியதும் நாலே மேசை போட்ட ஒரு சாப்பாட்டுக் கடை. வயதான மலாய்க்கார அம்மாள் ஒருவர் நடத்துகிறார். வாழையிலைத் துண்டில் அவித்த மரவள்ளிக்கிழங்கு, துருவிய தேங்காய், பக்கத்தில் நெத்திலிச் சம்பல். கிழங்கு வெடித்து மாவாய் மலர்ந்திருந்தது. அடுத்து 'கெத்துக்' வந்தது. அவித்த கிழங்கை உரலில் இடித்து, சர்க்கரை சேர்த்து, தேங்காய்ப்பூ தூவிய ஜாவாப் பலகாரம் அது.

"எங்கள் வீட்டில் இதைப் பஞ்ச காலத்துச் சாப்பாடு என்பார்கள், மாக்சிக்" என்றேன்.

"எங்கள் வீட்டிலும் அப்படித்தான், சிக்கு. அதற்காக விட்டுவிட முடியுமா?" என்று சிரித்தார்.

1942 முதல் 1945 வரை, ஜப்பான்காரன் காலத்தில், வெளிநாட்டு அரிசி வரத்து சுருங்கிப்போனது. சயாம் ரயில் பாதை போட ஆண்களைப் பிடித்துக்கொண்டு போன பிறகு, லயங்களில் தனித்து நின்ற தாய்மார்கள் பிள்ளைகளின் உயிரைப் பிடித்து வைத்தது இந்தக் கிழங்கைக் கொண்டுதான். அந்தக் கசப்பால் பிறகு அதைத் தொடாத பெரியவர்கள் உண்டு. இன்றோ, டப்பாவில் கிழங்கு கொண்டுவரும் மாணவன் கேலிக்குப் பயந்து அதை மூடியால் மறைத்துக்கொண்டு சாப்பிடுகிறான்.

அப்படி வெட்கப்பட என்ன இருக்கிறது? மேற்கு ஆப்பிரிக்காவிலுள்ள கானா நாட்டுச் சந்தைகளிலும் இப்படிச் சின்னக் கடைகள் உண்டு. அங்கே இதே கிழங்கை வாழைக்காயோடு அவித்து, உரலில் இடித்து உருண்டையாக்கி, 'ஃபுஃபு' என்று மரியாதையோடு பரிமாறுகிறார்கள். தொட்டுக்கொள்ளச் செம்பனைப் பழத்தில் காய்ச்சிய சாறு. நாம் தோட்டத்தில் அறுக்கும் செம்பனையின் பூர்வீகமும் அந்த நாடுகள்தான்.

தாய்மார்களே, கிழங்கில் இயற்கையாகவே நஞ்சு உண்டு. தோலைச் சீவி நன்றாக வேகவையுங்கள், பச்சையாகக் கொடுக்காதீர்கள். அது வேகிற நேரத்தில், அந்தக் காலத்தைக் கண்ட பாட்டியோ தாத்தாவோ வீட்டில் இருந்தால் பிள்ளைகளை அவர்கள் பக்கத்தில் உட்காரவையுங்கள். கேட்டுக்கொள்ள வேண்டிய கதை அவர்களிடம் இருக்கிறது.