பாதிக் கண்ணு மூடின கார்

சில கார்களுக்கு இமை உண்டு, தெரியுமோ? பகல்ல பார்த்தா முன்பக்கம் வழவழன்னு மொட்டையா இருக்கும். ராத்திரி சுவிட்சைப் போட்டதும் பானெட்டுல இருந்து ரெண்டு விளக்கும் தவளைக் கண்ணு மாதிரி டபக்குன்னு எழும்பி நிக்கும். பாப்-அப் ஹெட்லைட். 1936ல அமெரிக்காவுல கார்ட் 810ங்கற கார்லதான் இது முதல்ல வந்துச்சு. அதுல மோட்டார் எல்லாம் கிடையாது. டேஷ்போர்டுல விளக்குக்கு ஒண்ணா ரெண்டு கைப்பிடி. நம்ம பாட்டி காபிக்கொட்டை அரைக்கற மாதிரி சுத்தணும், அவ்ளோதான். 2004ல கார்வெட்டும் லோட்டஸ் எஸ்பிரிட்டும் இதைக் கைவிட்டதோட கதை கிட்டத்தட்ட முடிஞ்சுபோச்சு. விளக்கை எந்த வடிவத்துல வேணும்னாலும் வார்க்கலாம்னு ஆனப்புறம் ஒளிச்சு வைக்கவேண்டிய தேவை போயிடுச்சு. தவிர, ரோட்ல நடக்கறவன் மேல வண்டி மோதினா நீட்டிக்கிட்டு நிக்கற சாமான் எதுவும் நல்லதில்ல.

பி.காம் படிச்சுட்டு பேங்க்ல கடன் ஃபைல் பார்க்கறவனுக்கு இதெல்லாம் எதுக்குன்னு கேக்கறீங்களா? எல்லாம் பையன் புண்ணியம்.

ஆக்லாந்துல ஜப்பான்லேர்ந்து வந்த பழைய கார்கள் நிறைய. அங்கயும் இங்கயும் இடதுபக்கம் ஓட்டறதால அப்படியே ஓட்டலாம். பையன் ரெண்டு வருஷம் சூப்பர் மார்க்கெட்ல ராத்திரி ஷிஃப்ட்ல சாமான் அடுக்கிச் சேர்த்த காசுல 1992 மாடல் ஈனோஸ் ரோட்ஸ்டர் ஒண்ணு வாங்கினான். மாஸ்டா எம்எக்ஸ்-5க்கு ஜப்பான்ல அப்ப வச்ச பேரு. ரெண்டு சீட்டு. தங்கமணி முதல் கேள்வியே, "நாலு பேர் இருக்கற வீட்டுக்கு ரெண்டு சீட்டு கார் எதுக்குடா?"

வாங்கின மூணாவது வாரம் ஆரம்பிச்சான். விளக்கு முழுசா மூடாம, பாதி திறந்தபடி நிக்கணுமாம். தூக்கக் கலக்கத்துல இருக்கற முகம் மாதிரி. அதுதான் ஸ்டைலாம். (எனக்கென்னவோ செகண்ட் ஷோ பார்த்துட்டு வந்தவன் மூஞ்சி மாதிரிதான் தெரிஞ்சுது.) விளக்கைத் தூக்கற கம்பியை வெட்டி, நீளத்தை மாத்தி வெல்ட் பண்ணிடலாம்னு சினேகிதன்கிட்ட கிரைண்டர் கடன் வாங்கிட்டு வந்துட்டான்.

இதுல ஒரு சிக்கல். அந்த விளக்கு பின்பக்கக் கீல்ல தொங்குது. மூடியிருக்கறப்போ கண்ணாடி தரையைப் பார்க்கும், எழும்ப எழும்பத்தான் நேரே திரும்பும். கம்பி நீளத்துல கை வச்சா, முழுசா எழும்பினாலும் வெளிச்சம் எங்க விழும்னு சொல்லமுடியாது. இங்க வாரண்ட் ஆஃப் ஃபிட்னஸ் சோதனையில ஒளி எங்க விழுதுன்னு பார்க்கறாங்க. அது தேறலைன்னா போகட்டும். என் கவலை வேற. பிப்ரவரியில அவன் இஞ்சினியரிங் சேர கிரைஸ்ட்சர்ச்சுக்கு அந்த வண்டியிலயேதான் போறான். வெலிங்டனுக்கு 640 கிலோமீட்டர், அப்புறம் கப்பல், அப்புறம் பிக்டன்லேர்ந்து இன்னொரு 340. நடுவுல டெசர்ட் ரோடுன்னு ஒரு நீட்டம், தெருவிளக்கே கிடையாது. "வேண்டாம்"னு நேரா சொன்னா, பதினெட்டு வயசு, கேக்குமா? அது அவன் காசு. முதல் தடவையா அவனோடதுன்னு ஒரு பொருள்.

அப்பதான் மண்டி மொஹல்லா பாய் ஞாபகம் வந்தார். கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன்.

2003லேர்ந்து நாலு வருஷம் மைசூர்ல வேலை. பையன் பொறந்ததும் அங்கதான். மண்டி மொஹல்லாவுல மூட்டை ஏத்தற வண்டிகளுக்கு நடுவுல புகுந்து கடன் வசூலுக்குப் போவேன். அங்க ஒரு சந்துல பாய் கடை. பத்துக்குப் பத்து, வாசல்ல எப்பவும் நாலு ஜாவா, எஸ்டி. யாதவகிரியில ஐடியல் ஜாவா ஃபேக்டரியை 1996ல மூடினப்புறமும் அந்த வண்டிகள் ஓடிக்கிட்டு இருந்ததுக்கு இந்த மாதிரி சந்துகள்தான் காரணம். பழைய ஜாவாவுக்கு 6 வோல்ட், ஹெட்லைட் அகல் விளக்கு மாதிரி எரியும். அதை 12 வோல்ட்டுக்கு மாத்தறதுல பாய் கெட்டி. கம்ப்ரஸர் வாங்க அம்பதாயிரம் கடன் கொடுத்தோம், ஒரு தவணை தவறினதில்ல.

ஒருநாள் பெங்களூர்லேர்ந்து இறக்குமதி ஹோண்டா ப்ரிலூட் ஒண்ணு அங்க வந்து நின்னுது. பாப்-அப் விளக்கு பாதியில மாட்டிக்கிச்சு. ஓனருக்கு அந்தத் தொல்லையே வேணாம், நிரந்தரமா வேற விளக்கு வச்சுடுங்கன்னார். பாய் வச்சுக் கொடுத்தார். ஆனா ஒரு ஓட்டைகூடப் புதுசா போடலை. கழட்டின மோட்டார், கம்பி, கீல் எல்லாத்தையும் எண்ணெய் தடவி, நியூஸ் பேப்பர்ல சுத்தி, சாக்குல கட்டி டிக்கியில வச்சார். "நாளைக்கு மனசு மாறினா திரும்பப் பூட்டணுமில்ல சார்?" அடமானப் பத்திரத்தைப் பத்திரமா வச்சிருந்து திருப்பித் தர்ற புத்தி. எங்க ஆபீஸ்லயே எல்லாருக்கும் அது இருந்ததுன்னு சொல்லமாட்டேன்.

இந்தியாவுல இப்ப இந்த மாதிரி வேலைக்கே இடம் குறைஞ்சுபோச்சு. கம்பெனி கொடுத்த வடிவத்துக்கு மாறா வண்டியை மாத்தக்கூடாதுன்னு 2019 ஜனவரியில சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு. பாய் இப்ப பழைய வண்டியைப் பழையபடி ஆக்கற வேலை மட்டும்தான் எடுக்கறார். பெரிய பையன் தம்மாம்ல.

வாட்ஸப்ல கூப்பிட்டேன். கேமராவை பானெட்டுக்குள்ள காட்டினான் பையன்.

"ஏழு இஞ்ச் லைட்டா? இது நம்ம அம்பாசிடர் சைஸ்தானே தம்பி!"

பையனுக்கு முகம் விழுந்துபோச்சு. ஸ்போர்ட்ஸ் கார் ஓனர் இல்லையா.

அப்புறம் பாய் மோட்டாரைப் பார்த்தார். அரைச்சுற்று சுத்தினா விளக்கு மேல, இன்னொரு அரைச்சுற்றுல கீழ. "கம்பியைத் தொடாதே பேட்டா. சுத்தறதை நடுவுல நிறுத்து. டைமர் ரிலே ரெண்டு போடு. லைட் அணைச்சா பாதியில நிக்கட்டும், லைட் போட்டா முழுசா எழும்பட்டும். ஸ்டைலும் ஆச்சு, ரோடும் தெரியும்." கிரைண்டரைப் பார்த்துட்டு, "அதை யாருதோ அவங்ககிட்ட கொடுத்துடு"ன்னார்.

நான் மூணு நாளா சொல்ல முயற்சி பண்ணினது இதேதான். என் வாயிலேர்ந்து வந்தா அட்வைஸ், அவர் வாயிலேர்ந்து வந்தா டெக்னிக். சரி, போகட்டும்.

ரிலே, ஒயர், கனெக்டர் எல்லாம் சேர்த்து பையன் செலவு ஒரு நாள் சம்பளம்கூட ஆகலை. கம்பெனி ஒயரை வெட்டாம நடுவுல சொருகற மாதிரி கனெக்டர் பண்ணினான். நாலு சாயங்காலம் கராஜ்ல விளக்கு எரிஞ்சுது. டார்ச் பிடிக்கற வேலை எனக்கு. பிளஸ் டூ முடிக்கற வயசுல பையன் அப்பாவோட நாலு சாயங்காலம் தொடர்ந்து பேசினான்னா சும்மாவா? பேச்சு பூரா ரிலேவைப் பத்திதான், ஆனாலும்.

முதல் தடவை சுவிட்ச் போட்டப்போ வலது கண்ணு பாதியில அழகா நின்னுது. இடது கண்ணு முக்கால் மூடிக்கிட்டு, யாரையோ பார்த்து கண்ணடிக்கற மாதிரி இருந்துச்சு. தங்கமணி சிரிச்ச சிரிப்புல பையனுக்குக் கோபம். பாய்க்கு வீடியோ போச்சு. முப்பது வருஷ கிரீஸ் கீல்ல காஞ்சு கிடக்கும், மண்ணெண்ணெயில கழுவி புது கிரீஸ் போடுன்னு பதில் வந்துச்சு. இந்த ஊர்ல மண்ணெண்ணெய்க்கு எங்க போறது? ஹார்டுவேர் கடையில கேட்டு வேற ஒரு திரவம் வாங்கிக் கழுவினோம்.

வாரண்ட் பாஸாச்சு. ஒளி விழற இடம் சரியா இருந்ததாம். வெட்டாத கம்பி, பின்ன எப்படி இருக்கும்?

பிப்ரவரி முதல் வாரம் விடிகாலை மூணு மணிக்குக் கிளம்பினான். பக்கத்து சீட்ல துணிப்பை, அது மேல தங்கமணி கட்டின புளியோதரை. ரிலேவைக் கழட்டவேண்டி வந்தா பூட்ட வேண்டிய பழைய கனெக்டர் ரெண்டும் டிக்கியில, பேப்பர்ல சுத்தி இருந்துச்சு. நான் வைக்கலை. சுவிட்சைப் போட்டான், ரெண்டும் முழுசா எழும்புச்சு. தெருமுனை திரும்பற வரைக்கும் வெளிச்சம் தெரிஞ்சுது.

அந்த வீடியோவை பாய்க்கு அனுப்பினேன். மைசூர்ல அப்ப முந்தின நாள் ராத்திரி ஏழரை மணி. உடனே பதில்: "மாஷா அல்லா. லெஃப்ட் இன்னும் கொஞ்சம் லேட்டா எழும்புது சார். அங்க போனதும் இன்னொரு வாட்டி கிரீஸ் போடச் சொல்லுங்க."