குவியம் சரிபார்க்கப் போன இடத்தில்

இன்ஜினியரிங் மூன்றாம் ஆண்டில், என் துறைக்குச் சம்பந்தமே இல்லாமல், குவேசார்களைப் பற்றி ஒரு செமினார் எடுத்தேன். கடைசி ஸ்லைடில் ‘ஆக, இது தீர்ந்துபோன கணக்கு’ என்று போட்டிருந்தேன். 2010-ல் எழுதிய அந்த வரி இன்னும் உறுத்துகிறது.

கணக்கு இதுதான். 1999 ஜூலையில் சந்திரா எக்ஸ் கதிர் தொலைநோக்கி விண்ணுக்குப் போனது. (நம்ம சுப்ரமணியன் சந்திரசேகர் பெயர்தான். செமினாரில் அதற்கே கைதட்டல் கிடைத்தது.) குவியம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க, வெறும் புள்ளியாகத் தெரியும் என்று நம்பி பிகேஎஸ் 0637-752 என்ற குவேசாரைத் தேர்ந்தெடுத்தார்கள். சுமார் 600 கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கிருந்து கிளம்பிய ஒளி அது. வந்த படத்தில் புள்ளிக்குப் பக்கத்தில் ஒரு வால் இருந்தது. நடுவிலுள்ள கருந்துளையிலிருந்து பீய்ச்சியடிக்கும் தாரை. நீளம் 2 லட்சம் ஒளியாண்டுக்குக் குறையாது.

ரேடியோவில் அந்தத் தாரை ஏற்கெனவே தெரிந்ததுதான். காந்தப்புலத்தில் சுழலும் எலக்ட்ரான்கள் தரும் சிங்க்ரோட்ரான் ஒளி. ஆனால் அதே எலக்ட்ரான்களை வைத்துக் கணக்குப் போட்டால் எக்ஸ் கதிர் இவ்வளவு வரவே கூடாது. பிறகு 2000-த்தில் வந்த விளக்கம் அழகானது: தாரை ஏறக்குறைய ஒளியின் வேகத்தில் நம் பக்கம் பாய்கிறது, பெருவெடிப்பின் மிச்சமாக எங்கும் பரவியிருக்கும் நுண்ணலைப் பின்னணி ஒளியை அதன் எலக்ட்ரான்கள் மோதித் தள்ளி எக்ஸ் கதிராக்குகின்றன. பிரபஞ்சத்தின் மிகப் பழைய ஒளியே விளக்குக்கு எண்ணெய்! நான் மயங்கிட்டேன், அவ்வளவுதான்.

வேலைக்குச் சேர்ந்த பிறகு இதே மயக்கத்தை வேறு இடத்தில் பார்த்தேன். ஒரு ராத்திரி சர்வர் விழுந்தது. காரணம் ஒன்றைச் சொன்னேன், கிராஃப் அச்சாகப் பொருந்தியது, டிக்கெட்டை மூடினேன். அந்தக் காரணம் உண்மையானால் இன்னொரு லாகில் தடயம் இருந்தாக வேண்டும். அதைத் திறந்தே பார்க்கவில்லை. மூன்று மாதம் கழித்து மறுபடி விழுந்தது.

தாரை விஷயத்தில் அந்த இன்னொரு லாகைத் திறந்து பார்த்தவர்கள் ஐலீன் மேயரும் மார்க்கோஸ் ஜார்ஜனோபூலோஸும். அழகான விளக்கம் சரி என்றால், அதே எலக்ட்ரான்கள் காமா கதிரையும் விடாமல் தந்தாக வேண்டும். ஃபெர்மி தொலைநோக்கியால் தாரையையும் மையத்தையும் பிரித்துப் பார்க்க முடியாது. ஆனால் மையம் ஏறி இறங்கும், தாரை மாறாது. அதனால் மையம் அடங்கியிருந்த காலத்துத் தரவை மட்டும் சேர்த்துப் பார்த்தார்கள். எதிர்பார்த்த காமா கதிர் இல்லை. 2014-ல் 3சி 273 குவேசாருக்கு, 2015-ல் என் பிகேஎஸ்-ஸுக்கு.

அப்படியானால் எக்ஸ் கதிரும் சிங்க்ரோட்ரான்தானா? இருக்கலாம், அதிக ஆற்றல் கொண்ட வேறொரு எலக்ட்ரான் கூட்டத்திலிருந்து. அதில்தான் எனக்குத் தூக்கம் போகிறது. அப்படிப்பட்ட எலக்ட்ரான் சில நூறு, மிஞ்சிப்போனால் ஓரிரு ஆயிரம் ஆண்டுகளில் தன் ஆற்றலை இழந்துவிடும். தாரையோ லட்சக்கணக்கான ஒளியாண்டு. வழி நெடுக, அங்கங்கே, ஏதோ ஒன்று எலக்ட்ரான்களைப் புதிதாக முடுக்கிக்கொண்டே இருக்க வேண்டும். அது என்ன, எப்படி என்பது முடியாத விவாதம்.

பழைய விளக்கமும் முழுசாகச் சாகவில்லை. தொலைவு கூடக்கூட, அதாவது காலத்தில் பின்னால் போகப்போக, நுண்ணலைப் பின்னணி அடர்த்தியாகிறது. 2021-ல் அறிவித்த பிஜே352-15 குவேசாரின் சிவப்புப் பெயர்ச்சி 5.8. அங்கே அந்த ஒளியின் ஆற்றல் அடர்த்தி இன்றைப்போல் 2,000 மடங்குக்கும் மேல். அதன் மையத்திலிருந்து சுமார் 1,60,000 ஒளியாண்டு தள்ளி சந்திரா கண்ட எக்ஸ் கதிருக்கு என் பழைய காதல் விளக்கமே பொருந்துகிறது.

செமினார் கோப்பு இன்னும் ஒரு பழைய ஹார்ட் டிஸ்கில் கிடக்கிறது. போன வாரம் திறந்து, கடைசி ஸ்லைடில் அந்த வரிக்குக் கீழே ‘3சி 273, 2014’ என்று மட்டும் சேர்த்தேன். வரியை அழிக்கவில்லை.