தம்பிக்கு, பகல் தூக்கம் பற்றி

ராஜபாளையம்,
ஆவணி, முதல் ஞாயிறு.

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. ஆடிப்பெருக்கன்று காலண்டர் ஆல்பம் வெளியான கையோடு உனக்கு அச்சு பிரஸ்ஸில் ராத்திரி ஷிப்ட் போட்டுவிட்டார்கள் என்று அம்மா போனில் சொன்னாள். சீசன் முடிந்தாலும் ராத்திரியிலேயே இருந்துகொள்ளப் போவதாகச் சொன்னாயாமே. வேண்டாம் என்று தடுக்க இதை எழுதவில்லை. மில்லில் முழு நைட் பார்த்துத்தான் நான் பிள்ளைகளை வளர்த்தேன். அதில் தெரிந்துகொண்டதை உனக்குச் சொல்லாமல் வேறு யாருக்குச் சொல்வேன்?

ராத்திரி விழித்திருக்க ஒரு மாதத்தில் பழகிவிடுவாய். பகலில் தூங்குவது அப்படிப் பழகாது. உடம்புக்குள் ஒரு கடிகாரம் ஓடுகிறது. அது எப்படி ஓடுகிறது என்று கண்டுபிடித்த மூன்று பேருக்கு 2017-இல் நோபல் பரிசு கொடுத்தார்கள். கண்ணில் படும் வெளிச்சத்தை வைத்து மூளை அந்தக் கடிகாரத்தைத் தினமும் சரிசெய்துகொள்கிறது. காலை வெயிலில் வீடு திரும்புகிறவரை, எத்தனை வருஷம் ஆனாலும் உன் உடம்பு ராத்திரியைத்தான் ராத்திரி என்று நம்பும். விடியற்காலை மூன்று, நாலு மணிக்கு உடம்புச் சூடு இறங்கும், கவனம் தப்பும். எங்களுக்கு நூல் அறுந்தது கண்ணில் படாமல் போவது அந்த நேரத்தில்தான். நீ ரோலருக்குப் பக்கத்தில் கை வைக்கிறவன். மெஷின் ஓடும்போது துடைக்காதே; நிறுத்திவிட்டுத் துடை.

தூக்கத்தை வருஷக்கணக்கில் இழந்தால் சர்க்கரை, ரத்தக்கொதிப்பு, வயிற்றுப்புண் என்று ஒவ்வொன்றாக வரக்கூடும். உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை, உடல் கடிகாரத்தைக் குலைக்கிற ஷிப்ட் வேலையை, புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்று கருதப்படுகிறவற்றின் பட்டியலில் 2007-இல் சேர்த்தது. 2019-இல் மறுபடி ஆராய்ந்தும் அதே வகையில்தான் வைத்தது. பயமுறுத்தச் சொல்லவில்லை. வருஷத்துக்கு ஒரு முறையாவது அரசு ஆஸ்பத்திரியில் சர்க்கரையும் பிரஷரும் பார்த்துக்கொள்.

மதுரையில் விலங்கியல் படிக்கிறாளே என் மூத்த மகள், அவள் சொன்ன ஒரு விஷயம் என் மனதைவிட்டுப் போகவில்லை. காமராசர் பல்கலைக்கழகத்தில் எம்.கே. சந்திரசேகரன் என்ற பேராசிரியரும் அவரோடு இருந்தவர்களும் பக்கத்துக் குகையில் வௌவால்களை ஆராய்ந்தார்களாம். வெளிச்சமே எட்டாத ஆழத்தில் ஒரு வௌவாலைக் கூண்டில் வைத்தார்கள். மற்ற வௌவால்கள் அந்தியில் இரைதேடிப் போவதையும் திரும்பி வருவதையும் வைத்தே அது நேரம் தப்பாமல் இருந்தது. வேறு வௌவால் இல்லாத குகையில் தனியாக வைத்ததும் அதன் நேரம் நாளுக்கு நாள் நகர்ந்துபோனது. 1981-இல் இதை எழுதி வெளியிட்டார்கள். ராத்திரி வேலைக்காரனுக்கு வரும் பெரிய கெடுதலும் அதுதான் தம்பி. எல்லோரும் விழித்திருக்கும்போது தூங்கி, எல்லோரும் தூங்கும்போது வேலை பார்த்து, கொஞ்சம் கொஞ்சமாக ஆட்களைவிட்டே விலகிப்போவோம்.

என் கதை உனக்குத் தெரியும். பெண்களை இரவு 7 மணியிலிருந்து காலை 6 மணிவரை ஆலையில் வேலை வாங்கக் கூடாது என்று 1948-ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டம் சொன்னது. 2000 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அந்தத் தடையை நீக்கியது. வண்டி, ஓய்வறை, பெண்கள் கூட்டாக வேலை பார்ப்பது என்று நிபந்தனைகளும் போட்டது. ஆனால் காலையில் வீட்டுக்கு வந்தபின் தூங்கவிட வேண்டும் என்று எந்தக் கோர்ட்டும் சொல்ல முடியாதே! தண்ணீர் பிடித்து, சமைத்து, துவைத்து முடிப்பதற்குள் மத்தியானம் ஆகிவிடும். பட்டப்பகலில் படுத்துக் கிடக்கிறாள் என்று தெருவில் பேசினார்கள். அதை நிறுத்தியது என் மாமியார்தான். வாசலில் உட்கார்ந்துகொண்டு, "ராத்திரி உழைச்சவ தூங்குறா, சாயங்காலம் வாங்க" என்று சீட்டுக்காரர் முதல் சொந்தக்காரர் வரை எல்லோரையும் திருப்பி அனுப்பினார். அந்தத் தூக்கம்தான் என்னை இத்தனை நாள் நடமாட வைத்திருக்கிறது.

நீயும் இப்படிச் செய். வேலை முடிந்ததும் கண் சொருகினால் பைக்கை எடுக்காதே. பிரஸ்ஸிலேயே கொஞ்சம் கண்ணயர்ந்துவிட்டுக் கிளம்பு. வரும்போது கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொள். விடியற்காலை மூன்று மணிக்கு மேல் டீ வேண்டாம். வந்ததும் இரண்டு இட்லி போதும், உடனே படு. தகரக் கூரை வெயிலில் காயும். ஜன்னலில் நனைத்த சாக்கைக் கட்டு, இருட்டும் கிடைக்கும், கொஞ்சம் குளிர்ச்சியும் இருக்கும். போனை அணைத்துவிடு. சித்திரையில் பத்ரகாளியம்மன் பொங்கல் வரும்போது மைக்செட் சத்தத்தில் யாரும் தூங்க முடியாது, அந்த நாட்களுக்கு முன்கூட்டியே லீவு சொல்லிவை.

உன் வீட்டுக்காரி பட்டாசு ஆபீஸுக்குப் போகிறவள். வெடிமருந்து புழங்குகிற இடத்தில் பொழுது சாய்ந்தபின் வேலை கூடாது, அதனால் அவளுக்குப் பகல் மட்டும்தான். அவள் காலையில் வேன் ஏறும்போது நீ உள்ளே வருவாய். அவள் வந்து சேர்ந்த கொஞ்ச நேரத்தில் நீ கிளம்பிவிடுவாய். ஒரு வீட்டில் இரண்டு பேரும் தனித்தனியாகக் குடியிருப்பதுபோல் ஆகிவிடும். ஒரு வேளைச் சாப்பாடாவது சேர்ந்து சாப்பிடுங்கள். மத்தியானம் மூன்று மணிக்கு நீ எழுந்துவிடுவாய். சாயங்காலச் சமையலை நீ ஏற்றுக்கொள். ஒன்பது வயதிலேயே அம்மாவுக்குக் காய்ச்சல் வந்தபோது ரசம் வைத்தவன் நீ, தெரியாது என்று சொல்லாதே. வெயிலில் மருந்துக் கையோடு வருகிறவள் குளித்துவிட்டு வந்து உட்கார்ந்தால் சோறு தயாராக இருக்கட்டும். அவளோடு சாப்பிட்டுவிட்டுப் பிரஸ்ஸுக்குப் போ.

கடிதத்தை அவளையும் வாசிக்கச் சொல். தீபாவளிக்கு ஒரு நாள் முன்னதாகவே இரண்டு பேரும் வந்துவிடுங்கள்.

அன்புடன்,
அக்கா