விளங்கிச்சா புள்ளயள்?

நாம் கேட்போம், "ஓம் சேர்" என்று வகுப்பே தலையாட்டும். பரீட்சைத் தாளில்தான் எமது வண்டவாளம் தெரியும்.

அமெரிக்காவின் ரிச்சர்ட் ஃபெல்டர் இரசாயனப் பொறியியலாளர். 1966இல் பிரின்ஸ்டனில் கலாநிதிப் பட்டம். பிறகு வட கரோலைனா மாநிலப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். துறைக்கே பாடநூல் எழுதியவர், போகப்போக மாணவர் எப்படிக் கற்கிறார் என்ற ஆய்வில் இறங்கிவிட்டார். 1988இல் லிண்டா சில்வர்மனுடன் எழுதிய கற்றல் பாணிக் கட்டுரை பிரபலம். அதற்கு எதிர்ப்பும் உண்டு. நமக்கும் முழு உடன்பாடில்லை. ஆனால் விரிவுரையை இடையில் நிறுத்தி, இரண்டு மூன்று பேராகக் கணக்கைச் செய்யவிடச் சொல்கிறாரே, அது பிடித்தது.

போன கிழமை பத்தாம் தரத்தில் செய்து பார்த்தோம். ஒரே இரைச்சல். பக்கத்து வகுப்பு டீச்சர் எட்டிப் பார்த்தார். வருடம் பூரா வாய் திறக்காத கடைசி வாங்குப் பிள்ளை, "சேர், இந்தப் படி எனக்கு விளங்கல்ல" என்றாள்.